தண்ணித்தொட்டி வீதி தின்று தீராத சேவல்

ஊத்துக்காட்டுப் புதூரின் தண்ணித்தொட்டி வீதியில் பதினேழு வீடுகள். அந்தப் பதினேழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரே சேவலை முப்பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை அறுத்துத் தின்றார்கள் என்று சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், ஒரு துண்டு கூடக் கிடைக்காதவர்களுக்கு வேறு என்ன வேலை. தின்றவர்கள் எல்லாம் இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள், தறி ஓட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அவர்களில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் முதலில் குழம்பின் ருசியைச் சொல்லிவிட்டுத்தான் சேவலின் கதைக்கு வருவார்கள்.

சேவல் மயிலாத்தாளுடையது. அவள் வளர்த்தது எல்லாமே பெருவிடைக் கோழிகள். நெஞ்சு அகன்று, கால் தடித்து, எட்டு வைத்து நடந்தால் பண்ணையக்காரர் வரப்பில் நடப்பது போலிருக்கும். கறிக்கும் ஆகும் முட்டைக்கும் ஆகும் என்பதால் அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் இந்த இனம்தான் இருந்தது. பிறகு பிராய்லர் வந்தது, நாற்பது நாளில் கறி என்றார்கள், எல்லோரும் கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடையை விறகாக்கிவிட்டார்கள். மயிலாத்தாள் மட்டும் அவள் பாட்டுக்குக் கம்பும் குருணையும் போட்டுக்கொண்டு, சளி பிடித்தால் சின்ன வெங்காயத்தை நறுக்கி வாயில் திணித்துக்கொண்டு, அடைக்கு உட்காரும் கோழிக்கு ஒற்றைப்படையில் முட்டை வைத்து, இடி விழுந்தால் முட்டை கூழாகாமலிருக்கக் கூடையில் ஓர் இரும்பு ஆணியும் ஒரு கரித்துண்டும் போட்டு, பத்துப் பதினைந்து உருப்படியை விடாமல் வைத்திருந்தாள். அவற்றில் பெரியவன் பெயர் துரை. கறுப்பும் சிவப்பும் கலந்த இறகு, கழுத்தில் மட்டும் பொன் நிறம். அவள் பாத்திரம் துலக்க உட்கார்ந்தால் தோளில் ஏறிக்கொள்வான், அவளும் இறக்கி விடமாட்டாள். பிள்ளை இல்லாத வீடு என்று வீதி சொன்னது. துரை இருக்கிறானே என்று அவள் சொன்னாள்.

அவள் புருசன் சென்னியப்பன் விசைத்தறி ஓட்டுகிறவன். ஒரு மழைக்காலத்தில் அவன் வலது கை தறியின் பெல்ட்டில் மாட்டியது. எலும்பு கூடிவிட்டது, காயம் ஆறிவிட்டது, ஆனால் நான்கு விரலும் மடங்க மறுத்துக் குச்சியாக நீட்டிக்கொண்டு நின்றன. அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட விரல் மடங்க வேண்டும், அது இல்லாதவனுக்குத் தறிக்குடோனில் என்ன வேலை? எண்ணெய் போட்டு நீவினார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், வைத்தியர்கள் வந்தார்கள் போனார்கள். கடைசியில், அந்த வருசத்து மாசிப் படையல் முடிந்த பிறகு, மயிலாத்தாள் ஊர் எல்லைக் கருப்பராயன் கோயிலுக்குப் போய், "சாமி, அவரு விரல் மடங்குனா வர்ற மாசிப் படையலுக்கு என்ற துரையை உனக்குக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். தோளில் ஏறுகிறவனைக் கொடுப்பதுதான் கொடுப்பது, கூட்டத்தில் ஏதோ ஒன்றைப் பிடித்துக் கொடுத்தால் அது என்ன நேர்ச்சை என்பது அவள் நினைப்பு. பங்குனியில் ஒரு நாள் சென்னியப்பன் தூக்கத்திலிருந்து எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான், கட்டிய பிறகுதான் எந்தக் கையால் கட்டினோம் என்று பார்த்தான்.

அவளோ புருசனிடம் நேர்ச்சையைப் பற்றி மூச்சு விடவில்லை. யாருக்காக நேர்ந்துகொண்டார்களோ அவர் காதில் அதைப் போடக்கூடாது, போட்டால் பலிக்காது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். துரையின் காலில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டிருந்தாள், அவ்வளவுதான். அதைப் பார்த்த சென்னியப்பன் ஏதோ கண்ணேறுக்குக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் மயிலாத்தாள் தங்கை மகளின் காதுகுத்துக்குப் போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்துச் சென்னியப்பனின் அக்காவும் மாமாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். ஒறம்பரை வந்தால் கோழி அடிக்காத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. அவன் கண்ணுக்கு முதலில் பட்டது துரை. புதிதாக மடங்கிய விரலால் துரையின் காலைப் பிடித்தான், அந்த விரலாலேயே கயிற்றை அவிழ்த்தான், அந்த விரலாலேயே அறுத்தான், எதிர்வீட்டு ராமாத்தாள் வந்து குழம்பு கூட்டிக் கொடுத்தாள். நான்கு கிலோவுக்குக் குறையாத சேவல் என்பதால் வீதியில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போனது. சாயங்காலம் பஸ் இறங்கி வந்த மயிலாத்தாள் தெருமுனையிலேயே மல்லி வறுத்த வாசனையைப் பிடித்தாள், அதற்கப்புறம் நடக்கவில்லை, ஓடினாள்.

"ஏனுங், எந்தச் சேவலைங்க அறுத்தீங்க?"

"இருக்கறதுல பெருசா இருந்துச்சே, அதையத்தான். மாமன் வந்திருக்கறப்ப சின்னதையா அறுக்கறது?"

"அது சாமிக்கு நேர்ந்ததுங்க. உங்க விரலுக்கு நேர்ந்தது" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்து அழுத அழுகையில் பதினேழு வீட்டிலும் கையிலிருந்த கிண்ணம் அப்படியே நின்றது. ஆனால் கிண்ணத்தில் எலும்புதான் மிச்சம். சாமி சொத்தைத் தின்றுவிட்டோமே என்று வீதி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது.

மறுநாள் விடியும்போது துரை சுற்றுச்சுவரில் நின்று கூவினான்.

இதைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், ஆனால் அன்றைக்கு வீதியில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ராமாத்தாள் வாசலுக்கு வந்து பார்த்து, "பாரு, வந்துட்டான்" என்றாள், சாணி தெளிக்கத் தொடங்கினாள். சென்னியப்பன் பல் துலக்கிக்கொண்டே, "மயிலா, கம்பு போடு, பசியோட வந்திருப்பான்" என்றான். நாய்கள்தான் பாவம், ராத்திரி கடித்து வைத்திருந்த எலும்பு ஒன்றுகூட இல்லாமல் குப்பைமேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. மயிலாத்தாள் அள்ளிக்கொண்டாள் அவனை. அதே இறகு, அதே கழுத்து, அறுத்த அடையாளம் ஒரு மயிர் அளவுக்கும் இல்லை.

கருப்பராயன் கோயில் வீரணப் பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் சேவலின் கொண்டையைத் தூக்கிப் பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், ஒரு சொம்பு மோரைக் குடித்தார், பிறகு சொன்னார்: "இது சாமி பொருளு தாயி. சாமிகிட்டப் போய்ச் சேர்ற வரைக்கும் யாரு தின்னாலும் தீராது. மாசி வரட்டும்."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். வீதி அதை வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டது. யாரு தின்னாலும் தீராது என்ற மூன்று சொல்லை ஆளாளுக்கு வாய்க்குள் போட்டுச் சப்பிப் பார்த்தார்கள், மாசிக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்று விரல் விட்டும் பார்த்தார்கள். ஆனாலும் வாயைத் திறந்து கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் மூன்றாவது வீட்டு சுகந்தி வந்தாள், நாலு மாத வயிறு, வாய்க்கு எதுவும் பிடிக்காமல் இளைத்துப் போயிருந்தாள். "அக்கா, அன்னைக்கு ஒரு வாய் தின்னேன், அது ஒண்ணுதான் வயித்துல தங்குச்சு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மசக்கைக்காரி கேட்டு இல்லையென்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? மயிலாத்தாள் பின்கட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திங்கட்கிழமை விடியற்காலை கூவல் கேட்டபோதுதான் வெளியே வந்தாள்.

அதற்கப்புறம் அது ஒரு முறையாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு வீடு சமையல், மற்ற பதினாறு வீடும் கிண்ணத்தோடு வரும். முறை தப்பாமலிருக்க ராமாத்தாள் தன் வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்தாள். துரைக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் இருந்தது என்பது சீக்கிரமே தெரிந்தது. பாக்கெட் மசாலா போட்ட வீட்டு வாசலில் திங்கட்கிழமை வந்து நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு உச்சிவெயில் வரை நகரமாட்டான், அந்த வீட்டுப் பெண் மானம் போய் உள்ளேயே கிடப்பாள். கறியை வேகவிடாமல் இறக்கியவர்களைத் துரத்தித் துரத்திக் கொத்தினான். தேங்காயைச் சில்லுச் சில்லாகக் கீறிப் போட்டு, வரமிளகாயைக் கிள்ளி, சின்ன வெங்காயத்தைத் தண்ணீர் விடாமல் வதக்கிச் சுண்ட வைத்த ராமாத்தாள் வீட்டுக் கூரையில் ஏறி ஏழு தரம் கூவினான். அன்று அவள் வீதியில் நடந்த நடையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டு மாதத்தில் வீதி முழுக்க அம்மிக்கு உயிர் வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் குடத்துக்குச் சண்டை போட்டவர்கள், மல்லியை முதலில் வறுப்பதா மிளகை முதலில் வறுப்பதா என்று சண்டை போட்டார்கள்.

முக்கில் பிராய்லர் கடை வைத்திருந்த தனபாலுக்குத்தான் பெரும்பாடு. ஞாயிறு என்றால் கடை முன்னால் நிற்கிற வீதி, இப்போது கிண்ணத்தோடு எதிர்ப்பக்கம் போகிறது. ஒரு ஞாயிறு கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்று, "ஒரே கோழியை ஊரே திங்கறது நாயமாடா?" என்று கத்தினான். கத்தி முடிப்பதற்குள் யாரோ ஒரு தட்டைக் கையில் கொடுத்தார்கள். தின்றான். விரலை வழித்தான். அடுத்த வாரத்திலிருந்து அறுக்கிற வேலையை அவனே எடுத்துக்கொண்டான். கைப்பழக்கம் உள்ளவன் அறுத்தால் சேவலுக்கு நோகாது என்று அவன் சொன்னது நிஜமாக இருக்கலாம், அவன் மனசு கெட்டதில்லை. கோழிக் கணக்கெடுக்க வந்த கால்நடை ஊழியர் ஒருவர், சேவல் எத்தனை என்ற கட்டத்தில் ஒன்று என்றும், அறுத்தது எத்தனை என்ற கட்டத்தில் பதினெட்டு என்றும், மீதி என்ற கட்டத்தில் மறுபடி ஒன்று என்றும் எழுதிவிட்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார்.

மயிலாத்தாள் ஒரு வாயும் தின்னவில்லை. அவளும் ஒன்று செய்தாள்: "என்ற சேவலைத் திங்கறவங்க அவன் புள்ளைகளையும் வளர்த்தோணும்" என்று சொல்லி, அடையிலிருந்து இறங்கிய குஞ்சுகளை வீட்டுக்கு நாலைந்தாகக் கொடுத்தாள். வீதி முழுக்கப் பஞ்சாரம் வந்தது. எந்த வீட்டுக் கூடையைத் தூக்கினாலும் ஆணியும் கரித்துண்டும் இருந்தன. அந்தக் குஞ்சுகளெல்லாம் சாதாரணக் குஞ்சுகள்தான், பருந்து தூக்கினால் தூக்கியதுதான், திரும்பி வராது. திரும்பி வருகிற வரம், அல்லது சாபம், துரைக்கு மட்டும்.

வீதிக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் தடவை திரும்பி வந்தபோது துரை அவள் தோளில்தான் ஏறினான். ஐந்தாறு ஞாயிறு போனபின் மடியோடு நின்றான். ஆடி வந்தபோது காலடியில் நின்றான், ஆவணி வந்தபோது கையெட்டும் தூரத்தில் நின்று அவள் கை நீண்டாலே விலகினான். உடம்பு ஒரு குறையும் இல்லாமல் வந்தது, அவளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கேயோ விட்டுவிட்டு வந்தது. புரட்டாசியில் வீதி கவுச்சியைத் தொடாது என்பதால் துரைக்கு நான்கு வாரம் விடுமுறை கிடைத்தது. முதல் வாரம் அவள் குரலுக்குத் தலை திருப்பினான், இரண்டாம் வாரம் கிட்டே வந்தான், நான்காம் வாரம் முந்தானையைக் கொத்தி இழுத்தான். அவள் சந்தோசத்தில் கூடுதலாக ஒரு கைப்பிடி கம்பு போட்டாள். ஐப்பசி முதல் ஞாயிறு யார் வீட்டு முறை என்று ராமாத்தாள் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். திங்கட்கிழமை வந்தவன் அவளைப் பார்த்துக் கழுத்துச் சிலிர்த்து ஒதுங்கினான், யாரோ போல.

அவளுக்கு இரண்டு பக்கமும் இடித்தது. மாசி வந்தால் துரையைச் சாமிக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அதோடு சரி, திரும்பி வரமாட்டான். கொடுக்காவிட்டால் மடங்கிய விரலைச் சாமி திரும்ப எடுத்துக்கொள்ளும், இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இதற்கு நடுவில் ஞாயிறுக்கு ஞாயிறு அவன் அவளை மறந்துகொண்டே வருகிறான். சொல்லி நிறுத்தலாமென்றால், சுகந்தியின் முகம் தெளிந்திருந்தது, வீதி ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தது, கிண்ணம் நீட்டுகிறவர்களிடம் என்ன சொல்வது? இந்த முகதாட்சண்யம்தான் அவளைக் கெடுத்தது என்று நான் சொல்வேன், அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

தை கடைசியில் வீதி கூடியது. ராமாத்தாள்தான் பேச்சைத் தொடங்கினாள்: "ஏன் மயிலா, இந்த மாசியை விட்டுட்டு அடுத்த மாசிக்குக் குடுத்தா சாமி என்ன கோவிச்சுக்கவா போகுது? வாய்தா கேட்டுப் பார்க்கலாமே." தனபால் ஆமாம் போட்டான். இரண்டு வருசத்துக்குச் சேர்த்து ஒரு கெடாவாக வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மயிலாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

"முப்பத்தொன்பது தடவை தின்னீங்களே, ஒருத்தராவது ஒரு தடவை, அவனுக்கு வலிக்குமான்னு கேட்டீங்களா? என்னையத்தான் கேட்டீங்களா? இப்ப அவனுக்கு என்னைய அடையாளம் தெரியலை. இன்னும் நாலு ஞாயிறு போனா நான் போடற கம்பைக்கூடத் திங்க மாட்டான். அவனா இருக்கறப்பவே சாமிக்குக் குடுத்தர்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை யாரும் கிண்ணம் எடுத்துட்டு வராதீங்க."

சென்னியப்பன் தன் வலது கையை விரித்து விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேசியதை அவனும் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்டான்.

மாசிப் படையலன்று பதினேழு வீடும் கோயிலுக்கு வந்தது. சுகந்தி கைக்குழந்தையோடு வந்தாள், தனபால் கடையைப் பூட்டிவிட்டு வந்தான், கால்நடை ஊழியர்கூட லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வேப்பமரத்தடியில் கருப்பராயன் வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மீசையும் முழியுமாக நின்றது. அந்தக் கோயிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஆடோ கோழியோ, தலையில் தீர்த்தம் ஊற்றினால் அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத் துளுக்குவது என்பார்கள். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. மூன்று சொம்பு வரை ஊற்றுவார்கள். துளுக்காததைக் கத்தியால் தொடக்கூடாது, நேர்ந்தவர் மேல் சாமிக்கு வருத்தம் என்று அர்த்தம்.

வீரணப் பூசாரி முதல் சொம்பை ஊற்றினார். மயிலாத்தாளின் கைக்குள் இருந்த துரை கண்ணை மூடித் திறந்தான், துளுக்கவில்லை. சிலர் துளுக்க வேண்டுமென்றும், சிலர் கூடாதென்றும், தனபால் இரண்டையும் மாற்றி மாற்றியும் வேண்டிக்கொண்டதாகப் பிற்பாடு ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவது சொம்பு. கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. துரை கல்லாக உட்கார்ந்திருந்தான்.

"தாயி, மனசுல என்னமோ வெச்சிருக்கறே. சாமிகிட்டச் சொல்லிரு" என்றார் பூசாரி.

மயிலாத்தாள் சாமியை நேராகப் பார்த்தாள். "சொல்றேன் சாமி. குடுக்கறேன்னு வந்து நிக்கறேன், குடுக்க மனசில்லை. இவன் எனக்கு வேணும். அவரு விரலும் வேணும். ரெண்டும் வேணுமின்னு நிக்கறவ நானு. என்னைய என்ன வேணா பண்ணிக்க." இவ்வளவையும் சத்தமாகச் சொன்னாள், அழாமல் சொன்னாள்.

பூசாரி மூன்றாவது சொம்பைத் தூக்கினார். அப்போது சென்னியப்பன் குறுக்கே வந்தான்.

"ஊத்தாதீங்க பூசாரியண்ணா. ஒண்ணு கேக்கோணும். விரல் மடங்குனா சேவலுன்னுதானுங்களே பேச்சு?"

"ஆமாப்பா."

"மடங்காட்டி?"

பூசாரி சொம்பைப் பிடித்தபடியே யோசித்தார். "மடங்காட்டி எதுக்குச் சேவல்? குடுக்க வேண்டியதில்லை."

"அப்பச் செரி" என்று சென்னியப்பன் வலது கையை நீட்டினான், யாரோ கொடுத்த சாமானைத் திருப்பிக் கொடுக்கிறவன் மாதிரி, உள்ளங்கை மேலே பார்க்க. "சாமி, நீ குடுத்ததை நீயே எடுத்துக்க. ஒரு வருசம் நல்லாப் பொழங்கினேன், கொறை ஒண்ணுமில்லை. அவ சேவலை அவகிட்டயே விட்டுரு. அறியாம அறுத்தவன் நான்தான், அவ இல்லை."

கூட்டத்தில் சலசலப்பு. இப்படி ஒரு வழக்கம் உண்டா, கொடுத்த வரத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா, சாமி வாங்கிக்கொள்ளுமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள், ராமாத்தாள் தன் பாட்டன் காலத்துச் சங்கதி ஒன்றை எடுத்துவிட்டாள், பூசாரி அதெல்லாம் தனக்குத் தெரியாதென்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே சென்னியப்பனின் சுண்டுவிரல் மெதுவாக நிமிர்ந்தது. அடுத்து மோதிரவிரல். அடுத்து நடுவிரல், ஆள்காட்டி விரல். நான்கும் நேராக நின்றன. அவன் மடக்கிப் பார்த்தான், மடங்கவில்லை. பூசாரி மூன்றாவது சொம்புத் தண்ணீரை வேப்பமரத்தின் வேரில் ஊற்றிவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

மயிலாத்தாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஒரு கையில் ஈரச் சேவலை வைத்துக்கொண்டு மறு கையால் புருசனின் தோளில் அடித்தாள். "உங்களை யாருங்க கேட்டாங்க? என்னைய ஒரு வார்த்தை கேக்காம இப்படிப் பண்ணிப்போட்டீங்களே!"

"நீ மட்டும் என்னையக் கேட்டுட்டா நேர்ந்தே?" என்றான் சென்னியப்பன்.

பூசாரிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும்.

இனி துரை சாமி பொருளில்லை, மற்றக் கோழிகளைப் போல ஒரு கோழி. அறுத்தால் ஒரு முறைதான், அதோடு முடிந்தது. அது தெரிந்த பிறகு அவன்மேல் கை வைக்க வீதியில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. ராமாத்தாள் மட்டும் ஒரு முறை அவன் தொடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள், சுற்றி நின்றவர்கள் முறைத்த முறைப்பில் அடுப்படிக்குப் போய்த் தட்டப்பயறு வேக வைத்தாள். வீதி பழையபடி தனபால் கடை முன்னால் நின்றது. ஆனால் துரையின் பிள்ளைகள் வளர்ந்து முட்டை வைக்கத் தொடங்கியிருந்ததால் அங்கேயும் முன்போல் கூட்டமில்லை. தனபாலே இரண்டு பெருவிடைகளைக் கடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, விற்க மாட்டேன் என்றான்.

சென்னியப்பனின் தறிக்கும் வழி பிறந்தது. காலண்டரில் ஞாயிற்றுக் கட்டங்களில் சேவல் சமைக்கிற வீட்டைக் குறித்தது போல, இப்போது எல்லாக் கட்டங்களிலும் அவனுக்கு முடிச்சுப் போடுகிற வீட்டைக் குறித்தார்கள். நாளுக்கு ஒரு வீட்டிலிருந்து ஓர் ஆள் அவன் தறிக்கு வந்து அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டார். தறியை அவன் ஓட்டினான். தின்ற கடன் என்று யாரும் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அவன் வேண்டாமென்று விடுவான் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

துரைதான் யாரிடமும் வரவில்லை. முப்பத்தொன்பது தடவை கால்களைக் கொத்தாகப் பிடித்த கைகளை அவன் உடம்பு மறக்கவில்லை. மயிலாத்தாள் காலையும் மாலையும் கையில் கம்பை வைத்துக்கொண்டு குந்துவாள், "வாடா துரை, நான்தான்டா" என்பாள், அவன் அவள் விரல் லேசாக அசைந்தாலே நாலு எட்டுப் பின்னால் போய்விடுவான். ஒரு மாதம் இப்படியே போயிற்று. அவள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு நாள் காலையில் வேலைக்குப் புறப்பட இருந்த சென்னியப்பன் அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். வலது கையை முழங்காலுக்கு வெளியே நீட்டினான். அவள் அதில் ஒரு பிடி கம்பைப் போட்டாள். நான்கு விரலும் பலகை போல நேராக இருந்ததால் ஒரு மணிகூட அசையவில்லை. துரை தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான், ஒரு கண்ணால் பார்த்தான், பிறகு மறு கண்ணால் பார்த்தான். ஓர் எட்டு வைத்தான். நின்றான். விரல் மடங்குகிறதா என்று பார்த்தான். மடங்கவில்லை. இன்னோர் எட்டு வைத்தான்.

"என்ற கைக்கு வராதவன் உங்க கைக்கு வர்றானே" என்று அவள் பொறாமையோடு மெல்லச் சொன்னாள்.

"பேசாம இரு புள்ளே."

துரை வந்தான். மடங்காத கையில் வாய் வைத்துத் தின்னத் தொடங்கினான். மயிலாத்தாள் மூச்சுக்கூட விடாமல் தன் கையைப் புருசனின் கைக்குக் கீழே கொண்டுபோய் வைத்து, அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டாள்.